மதுக்கடைப் பாட்டுக்குச் சிலுவைப்போர் மெட்டு: கார்மினா புரானா, ஒரு நிகழ்வு ஆய்வு

நாடகம் போடுகிறவர்கள், வரலாற்றுப் பாடம் எடுக்கிறவர்கள், கணினி விளையாட்டுக்குப் பின்னணி இசை தேடுகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வருவார்கள்: மத்திய கால ஐரோப்பாவில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டும் இசை எங்கே கிடைக்கும்? தேடத் தொடங்கினால் சீக்கிரமே 'ஓ ஃபோர்ச்சுனா' ('அதிர்ஷ்ட தேவதையே') காதில் விழும். பெரிய கோரஸ், முரசுகள், லத்தீன் வரிகள். விளம்பரங்களிலும் சினிமா டிரெய்லர்களிலும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால், கோட்டையும் தீப்பந்தமும் தானாக மனக்கண்ணில் வந்துவிடும்.

அந்த இசை 1937 ஜூன் 8 அன்று ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் அரங்கேறியது. கார்ல் ஓர்ஃப் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் 'கார்மினா புரானா' என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தொகுப்பின் கவிதைகளிலிருந்து 24-ஐ எடுத்து, இரண்டு பியானோ, ஒரு படை தாளக் கருவிகள், முழு ஆர்க்கெஸ்ட்ரா ஆகியவற்றோடு தன் சொந்த மெட்டில் அமைத்தது. நல்ல இசைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதில் மத்திய காலத்தைச் சேர்ந்தவை சொற்கள் மட்டுமே.

சரி, அப்படியானால் அந்தச் சொற்களுக்கு 13-ஆம் நூற்றாண்டில் என்ன மெட்டு இருந்தது? அந்தப் பாட்டுகள் யாருடைய வாழ்க்கையைக் காட்டுகின்றன? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியை வைத்துத் துருவிப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

பிரதி

1803-ல் பவேரிய அரசு தன் எல்லைக்குள் இருந்த மடாலயங்களைக் கலைத்துச் சொத்துகளைக் கையகப்படுத்தியது. நூலகங்களைப் பார்வையிட்டுத் தேறியதை மியூனிக்குக் கொண்டுபோகும் வேலை யோஹான் கிறிஸ்டோஃப் ஃபோன் அரெட்டீன் என்பவரிடம் இருந்தது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள பெனடிக்ட்பாய்ர்ன் மடத்தில் இந்தப் பிரதி அவர் கையில் கிடைத்தது. 25-க்கு 17 சென்டிமீட்டர், 112 தோல் ஏடுகள். துறவிகளின் மடத்தில் குடி, சூதாட்டம், காதல், பாதிரிமார்களைக் கிண்டல் செய்யும் வசை எல்லாம் ஒரே கட்டாக இருந்தன. இன்று அது மியூனிக்கில் பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது.

1847-ல் யோஹான் ஆண்ட்ரியாஸ் ஷ்மெல்லர் இதைப் பதிப்பித்து 'கார்மினா புரானா', அதாவது 'பாய்ர்ன் பாடல்கள்', என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது, ஊர்தான் தப்பு. மொழிநடை, எழுத்து, அதில் புகழப்படும் புனிதர்கள் போன்ற தடயங்களை வைத்து, இது சுமார் 1230-ல் ஆல்ப்ஸின் தெற்குப் பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்ஸன் நகரத்தை ஒட்டிய நாய்ஸ்டிஃப்ட் மடத்தைச் சிலரும், ஆஸ்திரியாவின் செக்காவைச் சிலரும் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பைண்டு செய்தவர் ஏடுகளை மாற்றிவைத்ததில், உள்ளே இருந்த அதிர்ஷ்டச் சக்கரப் படம் முதல் பக்கமாகிவிட்டது. 'ஓ ஃபோர்ச்சுனா' இன்று இந்த நூலின் முகமாக இருப்பதற்கு அந்தப் பைண்டரும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மொத்தம் 254 பாடல்களும் நாடகப் பகுதிகளும். பெரும்பாலும் லத்தீன், இடையிடையே அக்கால ஜெர்மன், கொஞ்சம் பழைய பிரெஞ்சு. நீதியும் வசையும் ஒரு பிரிவு, காதல் ஒரு பிரிவு, குடியும் சூதும் ஒரு பிரிவு, கடைசியில் சமய நாடகங்கள்.

பாட்டில் தெரியும் வாழ்க்கை

'மதுக்கடையில் நாம் இருக்கும்போது' என்று தொடங்கும் பாடலை எடுத்துக்கொள்வோம். கடைக்குள் என்ன நடக்கிறது? சிலர் சூதாடுகிறார்கள், சிலர் குடிக்கிறார்கள். சூதில் தோற்றவர் உடுத்தியிருந்த துணியை இழக்கிறார், வென்றவர் அதை உடுத்திக்கொள்கிறார், இன்னொருவர் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். பிறகு கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்துகிறார்கள். சிறையில் இருப்பவர்களுக்காக ஒரு தடவை, உயிரோடு இருப்பவர்களுக்காக மூன்று தடவை, கிறிஸ்தவர்கள் எல்லாருக்காகவும் நான்கு, இறந்த விசுவாசிகளுக்காக ஐந்து. அப்புறம் சறுக்கல் ஆரம்பம்: ஒழுக்கம் தவறிய கன்னியர்களுக்காக ஆறு, காட்டில் திரியும் போர்வீரர்களுக்காக ஏழு, வழிதவறிய சகோதரர்களுக்காக எட்டு, சிதறிப்போன துறவிகளுக்காக ஒன்பது. கடலில் போகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், பாவத்துக்கு வருந்துகிறவர்கள் என்று அடுக்கி, வழிநடைப் பயணிகளுக்காகப் பதின்மூன்றில் முடிகிறது.

இது வெறும் குடிகாரர்களின் உளறல் இல்லை. புனித வெள்ளி வழிபாட்டில் திருச்சபைக்காக, ஆட்சியாளர்களுக்காக, துன்பப்படுகிறவர்களுக்காக என்று வரிசையாக மன்றாட்டு சொல்வார்கள் அல்லவா? அந்த வரிசையைத்தான் கிண்ணத்தோடு சொல்லிக் காட்டுகிறது பாட்டு. கேட்டவர்கள் எல்லாருக்கும் கோயில் வரிசை மனப்பாடமாகத் தெரிந்திருந்தால்தான் இந்த நகைச்சுவை எடுபடும்.

இன்னும் ஒரு படி மேலே போய் 'சூதாடிகளின் திருப்பலி' என்றே ஒன்று இருக்கிறது. முழுப் பூசையின் அமைப்பிலேயே ஓடும் கேலி. பாதிரியார் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வஞ்சகம் உங்களோடு இருப்பதாக" என்கிறார். சபை "போக்கிரியே, உன்னோடும்" என்று பதில் சொல்கிறது. இங்கே வழிபடப்படும் தெய்வம் பகடைதான். வேண்டுதலும் புலம்பலும் இழந்த துணிமணியைப் பற்றியே. இப்படி ஒரு கேலியை எழுதுவதற்கு வழிபாட்டை உள்ளிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

குடிப் பாட்டை விட என்னை அதிகம் நிறுத்தியது காதல் பிரிவில் உள்ள ஒரு பெண்ணின் புலம்பல். இதுவரை காதலை மறைத்துவிட்டாள், இப்போது வயிறு காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மா அடிக்கிறாள், அப்பா ஏசுகிறார். வீட்டிலேயே தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வெளியே கால் வைத்தால் ஏதோ அதிசயப் பிராணியைப் பார்ப்பது போல ஊரே பார்க்கிறது. வயிற்றைக் கண்டதும் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடிக்கிறார்கள், அவள் கடந்து போகும்வரை பேச்சை நிறுத்துகிறார்கள், விரலால் சுட்டுகிறார்கள். காதலனோ அவள் அப்பாவின் கோபத்துக்குப் பயந்து பிரான்ஸின் கடைக்கோடிக்கு ஓடிவிட்டான். அந்த முழங்கை இடி ஒன்று போதும், ஒரு தெருவே கண்ணுக்கு முன் வந்துவிடுகிறது. இருந்தாலும் இதையும் எழுதியவர் லத்தீன் படித்த ஓர் ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

மேய்ச்சல் நிலத்தில் இடைப்பெண்ணைச் சந்திக்கும் பாடல்கள் வேறு சில. கேட்க மென்மையாக, வசந்தம், பறவை, புல்வெளி என்று தொடங்கும். அதில் ஒன்றில் அவள் மறுக்கிறாள், அவன் பலவந்தம் செய்கிறான். கடைசியில் அவள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ தெரிந்துவிடக் கூடாது, அம்மாவுக்குத் தெரிந்தால் பிரம்படிதான் என்று கெஞ்சுகிறாள். வசந்த கால மத்திய கால இசை என்று எதையாவது பின்னணியில் ஓடவிடுகிறவர்கள் வரிகளை ஒருமுறை படித்துவிட்டு ஓடவிடுவது நல்லது.

காசைப் பற்றிய பாடல்கள் தனி ரகம். இந்த நாளில் பூமியின் மேல் பேரரசன் பணம்தான் என்று ஒன்று சொல்கிறது. ரோமில் போப்பின் அரண்மனைக்கு நியாயம் கேட்டு வந்த ஓர் ஏழைக் குருவை வாயில்காப்போர் அடித்து விரட்டுவதை, நற்செய்தி வாசகத்தின் நடையிலேயே சொல்கிறது ஓர் உரைநடைக் கேலி. சமய நாடகத்தில் மகதலா மரியா பாவத்தில் இருக்கும் காலத்தைக் காட்ட, அவள் கடைக்காரரிடம் கன்னத்தில் பூசச் சாயம் கேட்டு ஜெர்மன் மொழியில் பாடுகிறாள். லத்தீன் நாடகத்துக்குள் கடைவீதியின் பேச்சுமொழி நுழையும் அழகான இடம் அது.

யாருடைய வாழ்க்கை?

எழுதியவர்கள் பலர் பெயர் தெரியாதவர்கள். பெயர் தெரிந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஷாத்தியோனின் வால்ட்டர், புளுவாவின் பீட்டர், பாரிஸின் சான்சலர் பிலிப் எல்லாரும் பள்ளிகளிலும் ஆயர் அலுவலகங்களிலும் உலவியவர்கள். 'மதுக்கடையில் சாவதே என் தீர்மானம்' என்ற புகழ்பெற்ற வரியை எழுதியவர் ஆர்ச்பொயட் என்ற பட்டப்பெயரில் மட்டுமே அறியப்படுகிறார். வானதூதர்கள் வந்து "இந்தக் குடிகாரனுக்கு இறைவன் இரங்கட்டும்" என்று பாடட்டும் என்பது அவர் ஆசை. அவர் அதை எழுதியது 1160-களில், கொலோன் பேராயரும் பேரரசர் பார்பரோசாவின் சான்சலருமான ரைனால்ட் ஃபோன் டாஸ்ஸலின் ஆதரவில் இருந்துகொண்டு. தெருவில் கிடந்து பாடிய பரதேசி என்று கற்பனை செய்தால் ஏமாந்துபோவோம்.

ஆகவே உழவர், தச்சர், துணி துவைக்கிறவர் ஆகியோரின் குரல் இதில் நேரடியாக இல்லை. அவர்கள் வேலை செய்துகொண்டே பாடியதை எழுதிவைக்க யாரும் தோல் ஏடு செலவழிக்கவில்லை. ஜெர்மன் மொழியில் உள்ள சில ஆட்டப் பாட்டு வரிகள் மட்டும் அந்தப் பக்கம் லேசாகச் சாய்கின்றன. இங்கே சுற்றி ஆடுகிற பெண்கள் எல்லாரும் இந்தக் கோடை முழுக்க ஆண்துணை வேண்டாம் என்கிறார்கள் என்ற வட்ட ஆட்ட வரி அதில் ஒன்று.

மெட்டைத் தேடி

இப்போது கடினமான பகுதி. பிரதியில் ஒரு பகுதிப் பாடல்களுக்கு மட்டும் வரிகளுக்கு மேலே நியூம் எனப்படும் குறிகள் இருக்கின்றன. குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, ஓர் அசைக்கு எத்தனை ஒலிகள் என்பதை அவை சொல்லும். எந்த ஸ்தாயியில் எந்த ஒலி என்பதைச் சொல்லாது. ஸ்வரத்தை எழுதாமல் கமகக் குறியை மட்டும் போட்டுவைத்தது போலத்தான். பாட்டு ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது நினைவூட்டல், தெரியாதவருக்குப் புதிர். இத்தனைக்கும் அரெஸ்ஸோவின் குய்தோ கோடு போட்டு இசை எழுதும் முறையைப் பரப்பி அப்போது இரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மன் பகுதி எழுத்தர்கள் பழைய பழக்கத்தை விடவில்லை.

அப்படியானால் மெட்டை மீட்பது எப்படி? அதே பாடல் வேறு ஏதாவது பிரதியில் கோட்டோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தைச் சுற்றி உருவான இசைத் தொகுப்புகள் இதற்குப் பெரும் உதவி. அவற்றில் முக்கியமான ஒன்று இன்று ஃப்ளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் லாரன்சியானா நூலகத்தில் இருக்கிறது. அதில் கிடைக்கும் ஒலிகளை இங்குள்ள நியூம்களின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் மெட்டு கிடைத்துவிட்டது.

இன்னொரு வழி, வேறு சொற்களுக்கு உரிய அதே மெட்டைக் கண்டுபிடிப்பது. அந்தக் காலத்தில் மெட்டு யாருக்கும் சொந்தம் இல்லை. பிடித்த மெட்டுக்குப் புதுச் சொல் போடுவது எல்லாரும் செய்தது. இந்த ஆய்வின் நடுநாயகமான சான்று இங்கேதான் இருக்கிறது.

குடிப் பிரிவில் 'எபிகூரஸ் உரக்கக் கத்துகிறான்' என்று ஒரு பாட்டு. எபிகூரஸ் இன்பமே வாழ்வின் நோக்கம் என்ற கிரேக்கத் தத்துவஞானி. நிறைந்த வயிறே பத்திரமான வயிறு, வயிறே என் கடவுள், அந்தக் கடவுளின் கோயில் சமையலறை, அங்கே கமழ்வதே தெய்வ மணம் என்று போகிறது. லத்தீன் பாட்டு முடிந்ததும் எழுத்தர் அடியில் ஒரு ஜெர்மன் கண்ணியைச் சேர்த்திருக்கிறார். அது வால்ட்டர் ஃபோன் டெர் ஃபோகல்வைடெ என்ற பெரும்புலவரின் பாலஸ்தீனப் பாட்டின் முதல் கண்ணி. பாவம் செய்த என் கண்கள் புனித பூமியைப் பார்த்துவிட்டன, இப்போதுதான் என் வாழ்வுக்குப் பெறுமதி, கடவுள் மனிதனாக நடந்த இடத்துக்கு வந்துவிட்டேன் என்று யாத்திரிகர் ஒருவர் உருகும் பாட்டு. சாப்பாட்டு ராமனின் பாட்டுக்குக் கீழே அது எதற்கு? இரண்டுக்கும் ஒரே யாப்பு, ஒரே மெட்டு என்று காட்டத்தான்.

ஆனால் அந்த மெட்டு என்னவென்று நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 1910-ல் ம்யூன்ஸ்டர் நகரில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சில ஏடுகள் கிடைத்தன. அவற்றில் பாலஸ்தீனப் பாட்டு முழு மெட்டோடு இருந்தது. அதோடு எபிகூரஸுக்கும் வாய் கிடைத்தது. அந்த மெட்டையும், 12-ஆம் நூற்றாண்டில் ஜௌஃப்ரே ருடெல் என்ற தென்பிரான்ஸ் கவிஞர் தொலைதூரக் காதலியைப் பற்றிப் பாடிய பாட்டின் மெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒற்றுமை காணும் ஆய்வாளர்களும் உண்டு. அது உண்மையானால் ஒரே மெட்டு காதலுக்கும், புனித பூமிக்கும், வயிற்றுக்கும் உழைத்திருக்கிறது.

மத்திய கால வாழ்க்கை என்று தேடுகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை இதுதான் என்பது என் எண்ணம். கோட்டை, முரசு, இருட்டு என்ற சூழ்நிலையில் அந்தக் காலம் இல்லை. சிலுவைப்போர் ஒரு கனவாகவும் சுமையாகவும் ஊர் முழுக்கப் பேசப்பட்ட காலத்தில், அந்தப் பக்திப் பாட்டின் மெட்டிலேயே கல்லூரிக் குறும்போடு சமையலறையைப் புகழ்ந்து பாடிய ஆட்கள் இருந்தார்கள். இதே பிரதியின் இன்னொரு பக்கத்தில் 1187-ல் ஜெருசலேம் வீழ்ந்ததற்கு அழும் பாட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே எழுத்தர் குழு ஒரே கட்டில் சேர்த்தது. மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தக் கலவை புலப்படும். 'சூழல் இசை'யாக மட்டும் கேட்டால் புலப்படாது.

மதுக் கடவுள் பாக்கஸை வரவேற்கும் குடிப் பாட்டு ஒன்றுக்கும் இதே கதை. பிரான்ஸின் போவே பேராலயத்து இளைஞர்கள் நடத்திய, விவிலியக் கதையைச் சொல்லும் தானியேல் நாடகத்தில் பெல்ஷாசார் மன்னனின் விருந்துக்கு வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அதன் யாப்பும் இதன் யாப்பும் ஒன்று. இன்றைய குழுக்கள் அந்த மெட்டையே இதற்கும் எடுத்துப் பாடுகின்றன.

ஒலிப்பதிவுகளை எப்படிக் கேட்பது

மெட்டு கிடைத்தாலும் வேலை முடியவில்லை. ம்யூன்ஸ்டர் ஏடு ஒலிகளைச் சொல்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வதில்லை. அது வால்ட்டர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது வேறு. என்ன வாத்தியம், எத்தனை பேர், தாளம் உண்டா இல்லையா என்பதற்கும் கார்மினா புரானாவில் பதில் கிடையாது. ஆகவே நாம் கேட்கும் ஒவ்வொரு பதிவும் ஓர் ஊகம். தேர்ந்த ஊகம், அவ்வளவுதான்.

1960-களில் மியூனிக்கில் தாமஸ் பிங்க்லி தலைமையில் இயங்கிய 'ஸ்டூடியோ டெர் ஃப்ரூயென் மூஸிக்' குழு இந்தப் பாடல்களைப் பழைய மெட்டுகளோடு பதிவுசெய்தது. வட ஆப்பிரிக்காவின் அந்தலூசிய இசை மரபிலிருந்து வாசிப்பு முறைகளை எடுத்துக்கொண்டார்கள். கேட்கும்போது சில இடங்களில் மொராக்கோ நினைவுக்கு வந்தால் அது காதின் பிழை இல்லை. 1970-களில் வியன்னாவின் ரெனே கிளெமென்சிச் தன் குழுவோடு வேறு மாதிரி செய்தார். சத்தம், சிரிப்பு, கூச்சல், சூதாடிகளின் திருப்பலி முழுக்கக் கூத்து. லண்டனின் பிலிப் பிக்கெட் 1980-களின் கடைசியில் மெட்டு மீட்கக்கூடிய பாடல்களைத் தொகுதிகளாகப் பதிந்தார், பாங்காகவும் தெளிவாகவும். என் விருப்பம் பிங்க்லி. மதுக்கடைக் காட்சி என்றால் கிளெமென்சிச்தான் பொருத்தம், வரலாற்றுச் சான்று அதற்கு அதிகம் என்பதால் இல்லை, அந்தக் கேலிக்குத் தேவையான துடுக்கு அவரிடம் இருக்கிறது என்பதால்.

லத்தீன் படித்தவர்களைத் தாண்டி, சாதாரண மக்கள் வாயில் இருந்த பாட்டு வேண்டும் என்றால் இந்தப் பிரதியை விட்டு வெளியே போக வேண்டும். பார்சிலோனா அருகே மோன்செராட் மலை மடத்தின் 'சிவப்பு நூல்' அதற்குச் சரியான இடம். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டது. அதில் பத்துப் பாடல்கள், லத்தீனிலும் காட்டலானிலும் தென்பிரான்ஸ் மொழியான ஆக்ஸிட்டானிலும். எதற்காக எழுதினோம் என்பதையும் மடத்தார் குறித்துவைத்திருக்கிறார்கள்: யாத்திரிகர்கள் இரவு முழுக்கக் கோயிலில் விழித்திருக்கும்போதும், பகலில் வெளியே சதுக்கத்திலும் பாடி ஆட ஆசைப்படுகிறார்கள், அங்கே ஒழுக்கமும் பக்தியும் உள்ள பாட்டுகளைத்தான் பாட வேண்டும், ஆகவே இவை. ஜனங்கள் அதுவரை என்ன பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை இந்தக் கண்டிப்பை வைத்தே ஊகிக்கலாம். சில பாடல்களின் பக்கத்தில் வட்டமாக ஆட வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. 1811-ல் நெப்போலியனின் படை மடத்தை எரித்தபோது இந்த நூல் இரவலாக வெளியே போயிருந்ததால் தப்பியது.

நாடகத்துக்கோ பாடத்துக்கோ எடுக்கிறவர்களுக்கு நடைமுறையில் என் யோசனை இது. பதிவோடு வரும் கையேட்டில் மெட்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 'பாரம்பரிய மெட்டு' என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். வகுப்பில் என்றால் பாலஸ்தீனப் பாட்டை முதலில் போட்டு, அடுத்து எபிகூரஸைப் போடுங்கள். மெட்டு ஒன்றுதான் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஓர்ஃபையும் போடலாம், தேதியைச் சொல்லிவிட்டு.